முந்நூற்றுப் பதினேழு பேர் குணம்

பல் மருத்துவமனையின் வெளிநோயாளர் ஜன்னலில் சீட்டு எழுதுகிறவரை அங்கே எல்லோரும் ஜோசியர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கையைப் பார்ப்பதில்லை, கன்னத்தைப் பார்ப்பார். பெயர், வயது, தொழில் எழுதி முடிப்பதற்குள் வந்தவர் கடைசியில் எந்த அறைக்குப் போய்ச் சேருவார் என்று முடிவுசெய்து, சீட்டின் மூலையில் பென்சிலால் ஒரு சின்ன எண்ணைப் போட்டுவிடுவார். விதிப்படி எல்லோரும் முதலில் ஒன்றாம் அறைக்குப் போய் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டவேண்டும். டாக்டர் கண்ணாடியும் விளக்கும் கொக்கியும் வைத்துத் தேடிக் கண்டுபிடிப்பதை ஜோசியர் ஒரு பென்சிலால் கண்டுபிடித்துவிடுவார் என்பது அங்கே பேச்சு. பத்துக்கு எட்டு சரியாகவே இருந்தது.

கன்னத்தை உள்ளங்கையில் தாங்கி வருகிறவர் நாலாம் அறை. வேர் சிகிச்சை. தண்ணீர் பாட்டிலோடு வந்து வாய்க்கு வாய் குளிர்ந்த தண்ணீரைக் கொப்பளித்து நிற்கிறவரும் நாலாம் அறைதான், அதுவும் அவசரமாக. கையால் வாயை மறைத்துப் பேசுகிறவருக்கு ஈறு, மூன்றாம் அறை. முடிவெடுத்த முகத்தோடு, பையில் துண்டு மடித்துக்கொண்டு வருகிறவர் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்தவர், இரண்டாம் அறை. எந்த வலியும் இல்லாமல் தாராளமாகச் சிரித்தபடி வருகிறவர் பல் கட்டிக்கொள்ள ஐந்தாம் அறைக்கு. இழக்க ஒன்றும் மிச்சமில்லாதவர்தான் பல் ஆஸ்பத்திரியில் அப்படிச் சிரிக்க முடியும்.

தொழில் ரகசியத்தை அவர் எக்ஸ்ரே அறைக்காரரிடம் மட்டும் ஒருமுறை சொல்லியிருக்கிறார். "சந்தேகம் வந்தா நாலுன்னு போட்டுடணும். வர்றவங்கள்ல பாதிப் பேர் அங்கதான் போறாங்க."

"அப்ப இது ஜோசியம் இல்லையே, ஜோசியரே?"

"ஜோசியம்னா அதுதான்யா. எது நிறைய நடக்குதோ அதைச் சொல்றது."

பல்லைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர் இருபத்திரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. பதினாலு வருடத்துக்கு முன்னால் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று அவரை ஒன்பது நாள் ஆட்டிவைத்தது. பத்தாம் நாள் காலையில் வலி, வந்த சுவடே இல்லாமல் போய்விட்டது. டாக்டர் இல்லை, ஊசி இல்லை, மருந்து இல்லை. ஜன்னலில் நின்று அழுகிறவர்களுக்கு அவர் இந்தக் கதையை ஆறுதலாகச் சொல்வார். மருத்துவமனைக்குள் மருத்துவத்துக்கு எதிராக நடந்த ஒரே பிரசாரம் அது. நடத்தியவருக்கே அது தெரியாது.

ஜன்னல் ஒரு மணிக்கு மூடும். அதற்குப் பிறகுதான் அவருடைய உண்மையான வேலை தொடங்கும். பெரிய பதிவேட்டில் கடைசிக் கட்டத்தின் பெயர் 'முடிவு'. அந்தக் கட்டம் ஆறு மாதத்துக்கு மேல் காலியாக இருக்கக்கூடாது என்பது கண்காணிப்பாளர் உத்தரவு. காலியாக இருந்தால் விளக்கம் கேட்டு ஓலை வரும். நிரப்புவதற்காக மூன்று ரப்பர் முத்திரைகள் கொடுத்திருந்தார்கள்: 'குணம்', 'சிகிச்சையில்', 'பல் எடுக்கப்பட்டது'. சிகிச்சையைப் பாதியில் விட்டு வராமலே போனவருக்கு என்று ஒரு முத்திரை செய்ய யாருக்கும் தோன்றவில்லை. மனிதர்கள் அப்படிச் செய்வார்கள் என்று எந்த அலுவலகமும் எதிர்பார்ப்பதில்லை.

ஜோசியர் நேர்மையானவர். கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்துகிற ஜாதி இல்லை. வராதவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போடுவார்.

"பல் ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறோம். வலி இருக்கா?"

"இல்லைங்க. போயிடுச்சு."

"சந்தோஷம்." வைத்துவிட்டு, முத்திரையை ஊதா மையில் ஒற்றி, 'குணம்' என்று அழுத்துவார். தனக்குப் போனமாதிரியே இன்னொருவருக்கும் போனதில் அவருக்கு உள்ளபடியே சந்தோஷம்தான்.

ஒரே ஒருவருக்கு மட்டும் போன் போடவில்லை. அவரைச் சாப்பிடும்போது எதிரில் வைத்தே கேட்டார். அது அவர் மனைவி.

மனைவி இரண்டு தெரு தள்ளி ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறவர். கழுத்தில் நாடா கட்டிக் கத்தரிக்கோல் தொங்கும்; ஆனால் நூலைப் பல்லால்தான் கடிப்பார். மேல்வரிசை முன்பல், நடுவுக்கு இடப்பக்கம். முப்பது வருடமாக ஒரே பல், ஒரே இடம். அதன் நுனியில் நூல் போய் உட்கார ஒரு சின்னப் பள்ளமே விழுந்திருந்தது. கத்தரிக்கோலைக் கையில் எடுத்து, வெட்டி, திரும்ப விடுகிற நேரத்தில் இன்னொரு பொத்தான் தைத்துவிடலாம் என்பது அவர் கட்சி.

எட்டு மாதத்துக்கு முன்னால் அந்தப் பல் சூடான தேநீர் பட்டதும் துடித்தது. ஜோசியர்தான் சீட்டு எழுதி, மூலையில் நாலு போட்டு அனுப்பினார். நாலாம் அறை டாக்டர் பல்லைப் பின்பக்கமாகத் திறந்து, உள்ளே மருந்து வைத்து, வெள்ளைப் பசையால் தற்காலிகமாக அடைத்து, அடுத்த வாரம் வரச்சொன்னார். அடுத்த வாரம் கடைக்குப் பள்ளிச் சீருடை வந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் வலி இல்லை.

"வலி இருக்கா?" என்றார் ஜோசியர், சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே.

"இல்லை."

"அப்புறம் என்ன? எனக்குப் போனமாதிரி உனக்கும் போயிடுச்சு. நம்ம வீட்டு வாகு அப்படி."

"உங்க வீடு வேற, எங்க வீடு வேற. வாகு எப்படி ஒண்ணாகும்?" என்றார் மனைவி. ஆனாலும் போகவில்லை. இன்னொருமுறை வாயைத் திறக்காமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தால் அதை வம்புக்கு இழுத்துக் கெடுத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது. உரிய காலம் ஆனதும் அவர் வரிசையிலும் ஊதா மை விழுந்தது.

நாலாம் அறை டாக்டருக்கு நாற்பது வயதிருக்கும். கையில் வேலை இருக்கும்போது பேசமாட்டார். வேலை முடிந்தால் நிறுத்தமாட்டார். அந்த வருடம் அவருக்கு ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. இந்த மருத்துவமனைக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்குப் பல்லின் உள்நரம்பிலும் வேர் நுனியிலும் நோய்? நிறைய என்று எல்லோரும் சொன்னார்கள். எவ்வளவு நிறைய என்று கேட்டால் கையை விரித்துக் காட்டினார்கள். ஆகவே முடிவுக் கட்டம் முழுக்க நிரம்பிவிட்ட பழைய ஆறு மாதப் பதிவேட்டையும் தன் அலமாரியில் இருந்த கோப்புகளையும் எடுத்துவைத்துக்கொண்டு மாலை வேளைகளில் தானே எண்ண ஆரம்பித்தார். மொத்தம் ஐயாயிரத்து நூற்று நாற்பது பேர். அதில் நூற்றுக்கு நாற்பத்தேழு பேருக்கு நரம்பும் வேரும்.

"பாதின்னு நான் எக்ஸ்ரேக்காரர்கிட்ட அப்பவே சொன்னேன், டாக்டர். மூணுதான் குறையுது," என்றார் ஜோசியர்.

"அது இருக்கட்டும் சார். இங்க வாங்க." டாக்டர் பதிவேட்டில் விரலை வைத்தார். "இவங்க ஃபைல்ல ஒரு தடவைதான் வந்ததா இருக்கு. பல்லைத் திறந்து, மருந்து வெச்சு, சும்மா அடைச்சு அனுப்பியிருக்கேன். அப்புறம் வரவே இல்லை. உங்க ஏட்டுல குணம்னு இருக்கு. நான் முடிக்காத வேலையை யாரு முடிச்சாங்க?"

"போன் போட்டுக் கேட்டுத்தான் டாக்டர் குத்தினேன்."

"என்ன கேட்டீங்க?"

"வலி இருக்கான்னு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "இந்தமாதிரி எத்தனை பேர் தெரியுமா? முந்நூத்திப் பதினேழு. சார், பல்லுக்குள்ள நரம்பு இருக்கிறவரைக்கும்தான் அது கத்தும். அழுகிச் செத்துட்டா கத்துறதுக்கு உள்ள ஆளே இல்லை. வலி நிக்கும். நோய் அப்பத்தான் நிம்மதியா வேர் வழியா இறங்கி எலும்புக்குப் போகும்."

"எல்லாருக்குமா? எனக்குப் பதினாலு வருஷம் ஆச்சே. கல்லு மாதிரி இருக்கு."

"வாங்க, கல்லைப் பாத்துடலாம்."

எக்ஸ்ரே அறைக்காரருக்கு அன்று திருவிழா போல இருந்தது. "ஜோசியரே, நாக்கை மடக்குங்க. அசையாதீங்க. உங்க கதைதான் ஊருக்கே தெரியுமே, படம் மட்டும்தான் பாக்கி," என்று சொல்லிக்கொண்டே அவர் வாய்க்குள் ஃபிலிமைத் திணித்தார்.

டாக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். பல் வெள்ளையாக, கம்பீரமாக நின்றது. அதன் வேர் நுனியைச் சுற்றி, பட்டாணி அளவுக்கு, வட்டமாக ஒரு கறுப்பு.

"அது என்ன டாக்டர், அழுக்கா?"

"எலும்பு இருக்கவேண்டிய இடம்."

"இருக்கா?"

"இல்லை."

"எனக்கு வலிக்கவே இல்லையே!" என்றார் ஜோசியர். சொல்லிமுடித்த பிறகுதான் இந்த வாக்கியத்தைத் தான் முந்நூற்றுப் பதினேழுமுறை காதில் கேட்டு, கேட்டதும் 'சந்தோஷம்' என்று சொல்லியிருப்பது அவருக்கு உறைத்தது. அவர் தன் பல்லுக்காகக் கவலைப்படவில்லை. பதினாலு வருடம் பொறுத்தது இன்னும் ஒரு வாரம் பொறுக்கும். பதிவேட்டை இழுத்து, பக்கங்களைத் தள்ளி, ஒரு வரிசையில் வந்து நின்றார்.

"இதுல ஒருத்தங்க என் சம்சாரம், டாக்டர். முன்பல்."

"எட்டு மாசமாச்சா? அந்தப் பசை ஒரு மாசத்துக்கு மேல தாங்காதே." டாக்டர் கோப்பைப் புரட்டினார். "நாளைக்கே கூட்டிட்டு வாங்க. உள்ள குடைஞ்ச பல்லு, வெறும் கூடு மாதிரி நிக்கும். உடையலைன்னா இன்னும் காப்பாத்திடலாம். அதுவரைக்கும் முன்பல்லால எதையும் கடிக்கவேண்டாம்னு சொல்லுங்க."

"நூல்?"

"நூலா?"

"தையல்காரங்க, டாக்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஜோசியர் ஜன்னலைக்கூடப் பூட்டாமல் கிளம்பினார்.

தையல் கடையில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மனைவியின் இடப்பக்கம் தைத்த காற்சட்டைகள் ஒரு குன்று, வலப்பக்கம் தைக்கவேண்டியவை ஒரு மலை. ஜோசியர் உள்ளே நுழைந்தபோது அவர் வாய் ஒரு நூலுக்குப் பக்கத்தில் இருந்தது.

"கடிக்காதே!"

கடையில் நான்கு மெஷின்கள் நின்றன. "முப்பது வருஷமாக் கடிக்கிறேன். இன்னைக்கு என்ன புதுசா?"

"பல்லுல வலி இருக்கா?" பழக்கதோஷம், வாயில் அதுதான் முதலில் வந்தது.

"இல்லையே."

"அதுதான் தப்பு."

"வலி இல்லாதது தப்பா? ஏங்க, மத்தியானம் சாப்பிட்டீங்களா இல்லையா?"

துணி வெட்டுகிற அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். ஜோசியர் சட்டைப்பையிலிருந்து தன் படத்தை எடுத்து ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்து, கறுப்பு வட்டத்தைக் காட்டி, தனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னார். மனைவி பொறுமையாகக் கேட்டார்.

"ஓட்டை உங்க பல்லுல இருக்கு."

"ஆமா."

"படம் எடுக்கவேண்டியது எனக்கு?"

"உனக்கும் இப்படித்தான் இருக்கும்னு…"

"போனவருஷம் போயிடுச்சுன்னு சொன்னதும் நீங்கதான். இப்ப இருக்குன்னு சொல்றதும் நீங்கதான். நடுவுல என் பல்லு ஒண்ணும் சொல்லலை." அவர் காற்சட்டையின் விளிம்பை மடித்தார். "சனிக்கிழமை இதெல்லாம் போயிடும். அன்னைக்கு வர்றேன். போதுமா?"

போதாது. ஆனால் அறுபது காற்சட்டைகள் ஒருபக்கமும் ஒரு கறுப்பு வட்டம் மறுபக்கமும் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற பக்கம்தான் ஜெயிக்கும். ஜோசியர் அன்றே மூன்று சின்னக் கத்தரிக்கோல்கள் வாங்கி வந்தார். ஒன்றை மெஷின் மேல், ஒன்றை ஊசிப் பெட்டியில், ஒன்றை வீட்டில் விளக்குக்குக் கீழே வைத்தார். மனைவி சிரித்தார். சிரிக்கும்போது அந்த ஒரு பல் மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் தேநீர் நிறத்தில் இருந்தது. அதை ஜோசியர் மாதக்கணக்கில் பார்த்திருக்கிறார். தேநீர்க் கறை என்றே நினைத்திருக்கிறார்.

வியாழன் முழுக்க மனைவி கத்தரிக்கோலைத்தான் பிடித்தார். வெள்ளி மத்தியானம்வரைகூட.

சனிக்கிழமை காலை ஜன்னல் திறந்தபோது வரிசையில் ஏழாவதாக மனைவி நின்றார். கன்னத்தில் கை இல்லை, பாட்டில் இல்லை, துண்டு இல்லை. உதடுகளைச் சேர்த்து மூடியிருந்தார்.

"நேத்து கடைசியா ஒரு பொத்தான்," என்றார், ஜன்னலுக்குள் தலையைக் குனிந்து. "கை தானா வாய்க்குப் போயிடுச்சு. டிக்குனு ஒரு சத்தம். சத்தியமா வலிக்கலை."

ஜோசியர் பெயர் எழுதினார், வயது எழுதினார், தொழில் எழுதினார். மூலையில் பென்சிலை வைத்தார். எண் எதுவும் போடாமல் எடுத்துவிட்டார். பின்னால் நின்றவர்கள் முனகியதைப் பொருட்படுத்தாமல் ஜன்னலைச் சாத்திவிட்டு அவரும் கூடவே போனார்.

நாலாம் அறையில் டாக்டர் மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லின் ஓரமாக, ஈறுக்குள், வைத்துப் பார்த்தார். சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் போய் நின்ற கம்பி ஓர் இடத்தில் மட்டும் தடையே இல்லாமல் ஆழத்துக்கு இறங்கியது. அவர் மறுபடியும் வைத்தார். மறுபடியும் இறங்கியது.

"வேர் நெடுகப் பிளந்திருக்கும்மா. இதை ஒட்டவைக்க முடியாது."

"நாலாம் ரூம் இல்லையா அப்ப?"

"இரண்டாம் ரூம்."

நாலுக்கும் இரண்டுக்கும் நடுவே நடைபாதையில் இருபது அடி தூரம். அந்தத் தூரத்தில் மனைவி, "வலியே இல்லாம வந்து பல்லைப் பிடுங்கிக்கிட்டுப் போற முதல் ஆள் நான்தானா?" என்று கேட்டார். ஜோசியருக்குப் பதில் தெரியும். பதிவேட்டில் நிறையப் பேர் இருந்தார்கள். மனைவியை இரண்டாம் அறையில் உட்காரவைத்தார். திரும்பிவந்து டாக்டரிடம் ஒன்றை மட்டும் கேட்டார்.

"எட்டு மாசம் முன்னால அடுத்த வாரமே வந்திருந்தா?"

டாக்டர் பொய் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துப் பார்த்தார், வரவில்லை. "இருந்திருக்கும் சார்."

பிறகு நடந்தவற்றில் நியாயம் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பதினாலு வருடம் அலட்சியப்படுத்திய ஜோசியரின் பல், நாலு தடவை நாற்காலியில் உட்கார்ந்ததும் அடங்கி, ஒழுங்காகப் பிழைத்துக்கொண்டது. அடுத்தடுத்து எடுத்த படங்களில் கறுப்பு வட்டம் மிளகளவுக்குச் சுருங்கியது. அவர் பேச்சைக் கேட்ட மனைவியின் பல் ஒரு கிண்ணத்தில் விழுந்து 'ணங்' என்றது. மனைவி இதை ஒரேயொரு தடவைதான் சுட்டிக்காட்டினார். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தால் ஜோசியருக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

முந்நூற்றுப் பதினாறு பேர் மிச்சம். ஜோசியர் ஒரு மணிக்கு ஜன்னலை மூடிவிட்டு மறுபடி போனை எடுத்தார்.

"பல் ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறோம். ஒரு படம் எடுத்துப் பாத்துடலாம், வாங்க."

"வலியே இல்லையே சார். எதுக்கு?" என்றார் ஒரு பஸ் டிரைவர்.

"நீங்கதானே சார் போன தடவை சந்தோஷம்னீங்க?" என்றார் ஒரு டீச்சர்.

டாக்டர் சொன்ன விளக்கத்தை அவர் அப்படியே ஒப்பித்துப் பார்த்தார். நரம்பு, அழுகல், எலும்பு. எதிர்முனையில் மரியாதையாக ஒரு "பாக்கறேன் சார்." ஒரு வாரத்தில் அறுபது பேரைக் கூப்பிட்டதில் ஒன்பது பேர் வந்தார்கள்.

ஐந்தாம் அறையில் பல் கட்ட அளவு கொடுக்க வந்த மனைவி, முறை வரும்வரை அவர் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாவது "பாக்கறேன்" வந்ததும் கையை நீட்டினார்.

"குடுங்க இப்படி." போனைக் காதில் வைத்தார். "வலி இல்லையாங்க? எனக்கும் இல்லைங்க. இப்பப் பல்லும் இல்லை." முன்பல் போன இடத்தில் காற்று புகுந்து சொற்களை எல்லாம் ஊதி அனுப்பியது. "ஆமாங்க, நான்தான் அவர் சம்சாரம். அவர் பேச்சைக் கேட்டுத்தான் இப்படிப் பேசறேன்."

எதிரிலிருந்தவர் மறுநாள் வந்தார். மனைவி அதன்பிறகு வாரத்துக்கு இரண்டு மத்தியானம் கடையில் சொல்லிவிட்டு வந்து போன் போட்டார். ஐந்தாம் அறையில் பல் தயாராகி இரண்டு வாரம் ஆனபிறகும் மாட்டிக்கொள்ளவில்லை. இந்த வேலைக்கு ஓட்டைதான் தோது என்றார்.

கடைசியில் முந்நூற்றுப் பதினாறில் நூற்றெண்பத்தேழு பேர் வந்தார்கள். அதில் நூற்றைம்பத்தொன்பது பேரின் வேர் நுனியில் கறுப்பு இருந்தது. பாதிக்கு மேற்பட்ட பற்களை டாக்டர் காப்பாற்றினார். இருபத்தெட்டுப் பேருக்கு ஒன்றுமே இல்லை. அவர்களும் வலி இல்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். வலி இல்லை என்பதை வைத்துக்கொண்டு ஒன்றையும் நிரூபிக்க முடியாது என்பதை அவர்களும் சேர்ந்தே நிரூபித்தார்கள்.

"வராத நூத்தி இருபத்தொன்பது பேருக்கு என்ன போட, டாக்டர்?"

"தெரியலைன்னு போடுங்க."

"அதுக்கு முத்திரை இல்லையே."

"கையால எழுதுங்க."

இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஏட்டில் யாரும் எழுதியிராத அந்தச் சொல்லை ஜோசியர் நூற்று இருபத்தொன்பது தடவை எழுதினார். மணிக்கட்டு வலித்தது. அன்று ஒரு மணிக்கு ஜன்னலைச் சாத்தக்கூட மறந்துவிட்டார். மாலையில் மனைவி புதுப் பல்லோடு ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தபோது ஒரே ஒரு வரிசைதான் பாக்கி.

அவர் 'குணம்' மேல் ஒரு கோடு இழுத்தார். 'பல் எடுக்கப்பட்டது' முத்திரையை எடுத்து மையில் ஒற்றி, பக்கத்தில் அழுத்தினார்.

"பழசு இன்னும் தெரியுதே," என்றார் மனைவி.

"அழிக்கக்கூடாது. அடிச்சுட்டுப் பக்கத்துல கையெழுத்துப் போடணும். யார் தப்புன்னு பின்னால வர்றவங்களுக்குத் தெரியணும்ல?"

"போடுங்க."

அவர் போட்டார். எழுதுகிற கையின் சட்டை விளிம்பிலிருந்து நூல் ஒன்று பிரிந்து ஏட்டின்மேல் தொங்கியது. மனைவி அந்தக் கையைப் பிடித்துத் தூக்கி, பழக்கத்தில் அதை நோக்கித் தலையைக் குனிந்தார். பாதி வழியில் நின்றார். கழுத்தில் தொங்கிய கத்தரிக்கோலைத் தேடி எடுத்து, நூலை வெட்டிவிட்டு, "வாங்க, ஜன்னலைச் சாத்துங்க," என்றார்.